பிரவுசர் எந்த நேரத்தைக் குறித்துவைக்கிறது? ஜாவாஸ்கிரிப்ட் நேரக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் மாலை வேளையில் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள், மீதிப் பேர் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள். அவர்கள் செய்கிற ப்ராஜெக்ட் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஊர்க் கலை மன்றப் போட்டிக்கு யார் முதலில் அமுக்கினது என்று காட்டும் பஸர் பக்கம், தட்டச்சு வேகம் பார்க்கும் பக்கம், அரசுத் தேர்வுக்கான மாதிரித் தேர்வுப் பக்கம். மூன்றிலும் சிக்கல் நேரக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். வரிசையாக வாசிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

1. அண்ணே, இப்போ மணி என்னன்னு தெரிய ஒரு ஃபங்ஷன் போதாதா? எதுக்கு இத்தனை வச்சிருக்கான்?

மணி என்ன என்பது ஒரு கேள்வி. எவ்வளவு நேரம் ஆச்சு என்பது வேறு கேள்வி. நாகர்கோவில் மணிமேடையில் 1893-இல் திறந்த கடிகாரம் இருக்கிறது. அதைப் பார்த்து மணி சொல்லலாம். யாராவது மேலே ஏறி முள்ளைத் திருத்திவைத்தாலும் அதற்குப் பிறகு அது சரியான மணிதான். ஆனால் ஓட்டப் பந்தயம் நடக்கிற நேரத்தில் முள்ளைத் திருத்தினால் பந்தயக் கணக்கு கெட்டுப்போகும். அதற்கு ஸ்டாப்வாட்ச்தான் வேண்டும். ஸ்டாப்வாட்சுக்கு மணி தெரியாது, ஆனால் அது பின்னால் ஓடாது.

பிரவுசரிலும் இந்த இரண்டும் இருக்கின்றன. டேட்.நவ் மணி சொல்லும். பெர்ஃபார்மன்ஸ்.நவ் கழிந்த நேரம் சொல்லும். மூன்றாவதாக, தட்டல், கீ அமுக்கல் மாதிரி ஒவ்வொரு நிகழ்வோடும் ஒட்டிக்கொண்டு வரும் நேரக் குறி, டைம்ஸ்டாம்ப். அதைப் பற்றி 6, 7 இரண்டிலும் இருக்கிறது.

2. டேட்.நவ் போட்டா பதிமூணு இலக்கத்துல ஒரு நம்பர் வருது. அது என்னதாக்கும்?

1970 ஜனவரி 1, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு. அதிலிருந்து இந்த நொடி வரைக்குமான மில்லிசெகண்ட். 2001 செப்டம்பரில் அது பதிமூன்று இலக்கத்தைத் தொட்டது, 2286 வரை பதிமூன்றாகவே இருக்கும். பத்து இலக்கத்தில் ஒரு எண் வந்தால் அது செகண்ட் கணக்கு. சர்வர் பக்கம் எழுதுகிறவர்கள் பலர் அப்படி அனுப்புவார்கள். ஆயிரத்தால் பெருக்காமல் விட்டால் உங்கள் பக்கத்தில் 1970 என்று தேதி காட்டும்.

இந்தக் கணக்கில் ஒரு நாளுக்கு எப்போதும் 8,64,00,000 மில்லிசெகண்ட்தான். பூமி சுற்றுவதற்கு ஏற்ப 1972 முதல் அவ்வப்போது சேர்த்த லீப் செகண்டுகளை அது கண்டுகொள்வதில்லை. நம் வேலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

3. எங்க அண்ணன் துபாய்ல இருக்கான். அவன் போன்ல மணி ஒண்ணரை மணிக்கூர் பின்னாடி. அப்போ டேட்.நவ்வும் வேற வேறதானே வரும்?

வராது. இரண்டு போனும் சரியாக ஓடினால், ஒரே கணத்தில் அழைத்தால், குளச்சலிலும் துபாயிலும் ஒரே எண்தான். ஊர் நேரம் என்பது அந்த எண்ணைத் திரையில் காட்டும்போது மட்டும் வருகிற விஷயம். கெட்டைம்ஸோன்ஆஃப்செட் கேட்டுப் பாருங்கள். இங்கே மைனஸ் 330, துபாயில் மைனஸ் 240. நிமிடக் கணக்கு அது. நாம் பொது நேரத்துக்கு முன்னால் இருந்தும் மைனஸ் வருவது பலரைக் குழப்பும். ஊர் நேரத்திலிருந்து பொது நேரத்துக்குப் போக எவ்வளவு கூட்ட வேண்டும் என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே சேமிப்பதெல்லாம் எண்ணாகவே இருக்கட்டும், 'மாலை 6.30' என்று எழுத்தாகச் சேமிக்காதீர்கள்.

கன்னியாகுமரி சூரிய உதயப் பக்கம் செய்த ஒரு பெண், உச்சிப்பொழுது ஏன் சரியாக 12-க்கு வரவில்லை என்று பிரவுசரைச் சந்தேகப்பட்டாள். பிரவுசர் மேல் குற்றமில்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் ஏறக்குறைய 77.5-இல் இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், சராசரியாக 20 நிமிடம் பிந்தித்தான் நமக்குச் சூரியன் உச்சிக்கு வரும்.

4. தொடக்கத்துல ஒரு டேட்.நவ், முடிவுல ஒரு டேட்.நவ், கழிச்சா நேரம் வந்திருமே. அப்புறம் எதுக்கு வேறொண்ணு?

பெரும்பாலும் வரும். வராத அன்றைக்கு ஏன் என்றே புரியாது. டேட்.நவ் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை அப்படியே காட்டுவது. அந்தக் கடிகாரத்தை நெட் வழியாக ஆப்பரேட்டிங் சிஸ்டம் அடிக்கடி திருத்தும். ஆளும் கையால் மாற்றலாம்.

ஒரு கல்லூரி லேபில் பார்த்தது: பழைய மெஷின், போர்டில் உள்ள சின்ன பேட்டரி செத்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் உட்காரும். மாணவர் பக்கத்தைத் திறந்து தட்டச்சைத் தொடங்கிய பிறகு நெட் கிடைத்து, கடிகாரம் ஒரே தாவலாக இன்றைக்கு வந்தது. அவருடைய வேகம் நிமிடத்துக்குப் பூஜ்ஜியம் சொல் என்று காட்டியது. முந்தி ஓடிய கடிகாரத்தைப் பின்னால் திருத்தினால் கழிந்த நேரம் மைனஸில் வரும். பக்கத்தைத் திறந்துவைத்து, மெஷின் தேதியைக் கையால் ஒரு நாள் முன்னே தள்ளிப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். பெர்ஃபார்மன்ஸ்.நவ் அசையாது.

5. பெர்ஃபார்மன்ஸ்.நவ் எங்கேயிருந்து எண்ணத் தொடங்குது? ரீலோடு பண்ணினா சின்ன நம்பரா ஆகுதே?

அந்தப் பக்கத்துக்குப் போகத் தொடங்கிய கணம்தான் பூஜ்ஜியம். ரீலோடு செய்தால் புதுப் பக்கம், புதுப் பூஜ்ஜியம். முழுப் பக்கமும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறுகிற ரியாக்ட் மாதிரி ஆப்களில் எத்தனை மெனு மாறினாலும் பூஜ்ஜியம் மாறாது.

ஐஃப்ரேமுக்கும் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) வொர்க்கருக்கும் (பின்னணியில் தனியாக ஓடும் ஸ்கிரிப்ட்) தனித்தனிப் பூஜ்ஜியம் உண்டு. வொர்க்கரில் எடுத்த 120-ஐயும் பக்கத்தில் எடுத்த 4,500-ஐயும் நேரடியாகக் கழித்தால் அர்த்தமில்லாத விடைதான் வரும். பெர்ஃபார்மன்ஸ்.டைம்ஆரிஜின் என்று ஒன்று இருக்கிறது, அந்தந்த இடத்தின் பூஜ்ஜியம் 1970 கணக்கில் எங்கே விழுகிறது என்று சொல்லும். இரண்டு பக்கமும் அதைக் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

6. புஸ்தகத்துல இவென்ட்.டைம்ஸ்டாம்ப் 1970-லேர்ந்துன்னு போட்டிருக்கு. எனக்கு நாலாயிரம், அஞ்சாயிரம்னுதான் வருது. எது சரி?

புத்தகம் பழையது. முன்பு அப்படித்தான் இருந்தது. 2016-இல் குரோம் 49 அதை மாற்றி, 5-இல் சொன்ன பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் கணக்குக்குக் கொண்டுவந்தது. மற்ற பிரவுசர்களும் இப்போது அப்படியே. ஆகவே டைம்ஸ்டாம்பை பெர்ஃபார்மன்ஸ்.நவ்வோடு கழிக்கலாம், டேட்.நவ்வோடு கழிக்கக் கூடாது. இணையத்தில் கிடைக்கிற பழைய கோடை எடுத்து ஒட்டுகிறவர்கள் விழுகிற குழி இது.

7. பட்டனுக்கான ஃபங்ஷனுக்குள்ள முதல் வரியிலேயே பெர்ஃபார்மன்ஸ்.நவ் எடுத்தேன். டைம்ஸ்டாம்பும் எடுத்தேன். ரெண்டும் ஒண்ணா இல்லையே, எது உண்மை?

இரண்டும் உண்மை. டைம்ஸ்டாம்ப் விரல் பட்ட நேரம். ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்தத் தட்டலுக்குக் கொடுத்த நேரம் கிடைத்தால் பிரவுசர் அதையே எடுத்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த நவ், உங்கள் ஃபங்ஷனுக்கு முறை வந்த நேரம். வொர்க்கர் தவிர, ஒரு பக்கத்தின் ஸ்கிரிப்ட் எல்லாம் மெயின் த்ரெட் என்ற ஒரே வேலை வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். நீங்கள் தட்டும்போது வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், தட்டல் வரிசையில் காத்திருக்கும். நடுவில் புகுந்து ஓட அதற்கு வழியில்லை.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பட்டனைத் தட்டினால் மூன்று செகண்ட் சும்மா சுற்றுகிற வைல் லூப் ஓடட்டும். இன்னொரு பட்டனுக்கு, டைம்ஸ்டாம்பையும் நவ்வையும் கன்சோலில் எழுதும் ஃபங்ஷன். முதல் பட்டனைத் தட்டி, மனதுக்குள் ஒன்று எண்ணி, இரண்டாவதைத் தட்டுங்கள். திரை உறைந்து நிற்கும். லூப் முடிந்ததும் கன்சோலில் டைம்ஸ்டாம்ப் 5210.3 என்றும் நவ் 7195.8 என்றும் வரும். எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கும், இடைவெளி இந்த மாதிரிதான் இருக்கும். நடுவில் உள்ள 1985.5 மில்லிசெகண்டும் பயனர் தட்டிவிட்டுக் காத்திருந்த நேரம்.

ஆள் எப்போது தட்டினார் என்று வேண்டுமானால் டைம்ஸ்டாம்ப். உங்கள் கோடு எவ்வளவு நேரம் எடுத்தது என்று வேண்டுமானால் உள்ளே தொடக்கத்திலும் முடிவிலும் நவ். பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று வேண்டுமானால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பஸர் பக்கங்களில் நான் பார்க்கும் தவறு பெரும்பாலும் இதுதான்: நவ்வை எடுத்துவிட்டு அதை விரல் பட்ட நேரம் என்று நம்புவது. பழைய போன் வைத்திருக்கிற பிள்ளை அதனால் தோற்றுப்போகும்.

8. சார், பஸர்ல ரெண்டு டீமும் நாங்கதான் முதல்ல அமுக்கினோம்னு நிக்கிறாங்க. எந்த நேரத்தை வச்சு தீர்ப்பு சொல்ல?

சர்வருக்கு எது முதலில் வந்ததோ அதுவே முதல் என்பது எல்லாரும் முதலில் செய்வது. அது விரலைச் சோதிக்காது, சிக்னலைச் சோதிக்கும். பேச்சிப்பாறைப் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் இருக்கிறவனும் வடசேரியில் ஃபைபர் நெட்டில் இருக்கிறவனும் ஒரே கணத்தில் தட்டினால் முடிவு தட்டுமுன்னே தெரிந்ததுதான். சரி, ஒவ்வொரு போனிலும் டேட்.நவ் எடுத்து அனுப்பச் சொல்லலாமே என்பார்கள். 4-இல் சொன்ன காரணத்தால் அதுவும் ஆகாது. இரண்டு போனின் மணிக்கு இடையே ஒரு செகண்ட் வித்தியாசம் இருந்தால் யாருக்கும் தெரியாது, பஸருக்கு ஒரு செகண்ட் என்பது ஒரு யுகம்.

ஆளாளுக்கு வீட்டிலிருந்து விளையாடினால் நியாயமான வழி, ஒவ்வொரு போனும் தன் கணக்கைத் தானே பார்ப்பது. கேள்வி அந்தத் திரையில் வந்த நேரம், அந்தத் திரையில் விரல் பட்ட டைம்ஸ்டாம்ப், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் ஒரே ஸ்டாப்வாட்ச், சிக்னல் உள்ளே வராது. கேள்வி வந்த நேரத்தை, அதைத் திரையில் போடச் சொன்ன வரிக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள், அப்போது திரையில் இன்னும் வந்திருக்காது. ரெக்வஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் என்பது, திரை அடுத்து மாறுவதற்குச் சற்று முன் ஓடு என்று சொல்வது. அதற்குள் இன்னொரு ரெக்வஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் வைத்து, அதற்குள் எடுத்தால் ஓரளவு கிட்டே வரும்.

ஆனால் எல்லாரும் ஒரே மன்றத்தில் இருந்து, கேள்வியை ஒருவர் மைக்கில் வாசித்தால், மேலே சொன்னது செல்லாது. தொடக்கம் அவர் குரல், திரை இல்லை. அங்கே நான் சொல்வது, போனை எல்லாம் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஒரே லேப்டாப்பில் ஆளுக்கொரு கீபோர்டு செருகுங்கள். ஒரு பக்கம், ஒரு கடிகாரம், கீடவுன் நிகழ்வின் டைம்ஸ்டாம்ப். சண்டை பாதியாகக் குறையும்.

9. அப்போ மூணு மில்லிசெகண்ட் வித்தியாசத்துல ஒரு டீமை ஜெயிக்க வைக்கலாமா?

கூடாது. சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டைக் கம்ப்யூட்டர் செகண்டுக்கு 125 முறை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, கேட்டுப் பார்க்கும். இரண்டு கேட்புக்கு நடுவில் எப்போது அமுக்கினாலும் அதற்கு ஒன்றுதான். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் புதுப்படம் காட்டும். தொடுதிரைக்கும் அதே மாதிரி ஒரு வேகம் உண்டு. இவ்வளவும் பிரவுசருக்கு வெளியே நடப்பவை.

கீபோர்டு என்றால் 20 மில்லிசெகண்டுக்குள், போன் என்றால் 50-க்குள் வந்தால் சமம் என்று விதியிலேயே எழுதிப் போட்டியைத் தொடங்குங்கள். இந்த இரண்டு எண்ணும் என் கணிப்பு, எந்தத் தரநிலையிலும் இல்லை. சமம் என்றால் இன்னொரு கேள்வி, முடிந்தது.

10. கிளிக் வைக்கவா, பாயின்டர்டவுன் வைக்கவா?

நேரம் பார்க்க பாயின்டர்டவுன். விரல் பட்டதும் வருவது அது. கிளிக், விரலை எடுத்த பிறகு வருவது. நிதானமாக அமுக்கி எடுக்கிறவருக்கு நூறு மில்லிசெகண்ட் சும்மா போகும்.

போனில் கிளிக் 300 மில்லிசெகண்ட் தாமதம் என்று எங்கேயாவது வாசித்திருந்தால், அது உண்மையாக இருந்த காலம் ஒன்று உண்டு. இரட்டைத் தட்டலில் பெரிதாக்கும் வசதிக்காக, இரண்டாவது தட்டல் வருமா என்று பிரவுசர் காத்திருந்தது. 2014-இல் குரோம் 32, வியூபோர்ட் அகலத்தைக் கருவியின் அகலமாகச் சொன்ன பக்கங்களுக்கு அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. வியூபோர்ட் மெட்டா வரியை இன்றைக்கும் மறக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

11. குரோம்ல 5210.299999237061-னு நீளமா வருது, ஃபயர்ஃபாக்ஸ்ல வெறும் 5210. குரோம்தான் துல்லியமோ?

நீண்ட வாலைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 5210.3. கம்ப்யூட்டர் தசம எண்ணை இரண்டடிமானத்தில் வைத்திருப்பதால் வருகிற மிச்சம்தான் மற்றதெல்லாம். பிரவுசர் வேண்டுமென்றே மழுக்கித்தான் நேரத்தைத் தருகிறது. சாதாரணப் பக்கத்துக்குக் குரோம் 100 மைக்ரோசெகண்டுக்கு, அதாவது 0.1 மில்லிசெகண்டுக்கு மழுக்கும். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 1 மில்லிசெகண்டுக்கு.

காரணம் 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ஓட்டைகள். ப்ராசசர் சில வேலைகளை முன்கூட்டியே ஊகித்துச் செய்யும். ஊகம் தப்பானால் விடையைத் தூக்கி எறியும், ஆனால் எடுத்த தகவல் கேஷ் என்ற பக்கத்துச் சின்ன நினைவகத்தில் கிடக்கும். கேஷில் இருப்பதைப் படிக்க எடுக்கும் நேரம் குறைவு, இல்லாததுக்கு அதிகம். அந்த நேர வித்தியாசத்தை அளக்க முடிந்தால், ஒரு பக்கத்து ஸ்கிரிப்ட் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆகவே பிரவுசர்கள் எல்லாம் அவசர அவசரமாகக் கடிகாரத்தை மழுக்கின. ஷேர்ட்அரேபஃபர் என்ற, பக்கமும் வொர்க்கரும் பகிர்ந்துகொள்ளும் நினைவகத்தை வைத்து ஸ்கிரிப்டே சொந்தமாக நுண்கடிகாரம் செய்துகொள்ள முடியும் என்பதால் அதையும் அப்போது நிறுத்திவைத்தன.

12. அந்தத் துல்லியம் திரும்ப வேணும்னா வழியே இல்லையா?

உண்டு. சர்வரிலிருந்து இரண்டு ஹெடர் அனுப்பி, இந்தப் பக்கம் மற்ற தளங்களோடு கலக்காது என்று உறுதி சொல்ல வேண்டும்: கிராஸ் ஆரிஜின் ஓப்பனர் பாலிசி, கிராஸ் ஆரிஜின் எம்பெடர் பாலிசி. இரண்டும் சரியாக இருந்தால் குரோம் 5 மைக்ரோசெகண்டுக்கும் ஃபயர்ஃபாக்ஸ் 20 மைக்ரோசெகண்டுக்கும் நேரம் தரும், ஷேர்ட்அரேபஃபரும் திரும்பக் கிடைக்கும். கூடவே, வெளியிலிருந்து எடுக்கிற படம், விளம்பரம், யூடியூப் சட்டகம் எல்லாம் மக்கர் பண்ணும்.

9-ஐ இன்னொரு தடவை வாசித்துவிட்டு, இது தேவையா என்று யோசியுங்கள். பஸருக்கும் தட்டச்சுக்கும் தேவையே இல்லை.

13. செட்டைம்அவுட்ல சைபர் போட்டாலும் உடனே ஓட மாட்டேங்குது. ஏன் அப்பிடி?

இத்தனை மில்லிசெகண்ட் கழிந்து ஓடு என்று அதற்கு அர்த்தமில்லை, அதற்கு முன் ஓடாதே என்றுதான் அர்த்தம். நேரம் ஆன பிறகும் 7-இல் சொன்ன வரிசையில் நிற்க வேண்டும். தவிர, டைமருக்குள் டைமர் என்று ஐந்து அடுக்குக்கு மேல் போனால், சைபர் போட்டாலும் குறைந்தது 4 மில்லிசெகண்ட் என்று தரநிலையே சொல்கிறது.

14. மாதிரித் தேர்வுல கவுண்ட்டவுன் வச்சேன். பையன் வேற டேப்புக்குப் போயிட்டு வந்தா நேரம் மிச்சமா இருக்கு! காப்பியடிக்க நேரம் கூடுதலா குடுத்த மாதிரி ஆச்சு.

செட்இன்டர்வெல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஒரு செகண்ட் குறைத்திருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத டேப்பில் டைமரைப் பிரவுசர் செகண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் ஓடவிடாது. 2021 ஜனவரியில் வந்த குரோம் 88-லிருந்து இன்னும் கெடுபிடி: டேப் மறைந்து 5 நிமிடம் ஆகி, சத்தம் எதுவும் வராமல் இருந்தால், டைமர் திரும்பத் திரும்பச் சங்கிலியாக ஓடிக்கொண்டிருந்தால், நிமிடத்துக்கு ஒரு தடவைதான். போனைப் பூட்டினால் பல நேரம் ஒன்றுமே ஓடாது. ரெக்வஸ்ட்அனிமேஷன்ஃப்ரேம் மறைந்த டேப்பில் ஓடவே ஓடாது. பேட்டரியை மிச்சப்படுத்தச் செய்வது இது, நல்லதுதான்.

ஓடிய தடவையை எண்ணாதீர்கள். தேர்வு முடியும் நேரத்தைச் சர்வரிலிருந்து ஒரு எண்ணாக வாங்கிவைத்துக்கொண்டு, டைமர் ஓடும்போதெல்லாம் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்துக் காட்டுங்கள். டைமர் தாமதமானால் திரை தாமதமாக மாறும், கணக்கு தப்பாது. விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வு வரும்போதும் ஒரு தடவை கணக்கிட்டால், திரும்பி வந்தவுடன் சரியான மிச்ச நேரம் தெரியும். விடைத்தாளை மூடுவது மட்டும் சர்வரின் வேலையாக இருக்கட்டும்.

15. அந்தக் கழித்தலுக்கு பெர்ஃபார்மன்ஸ்.நவ் எடுக்கலாமா? அதுதானே நம்பகமானதுன்னு சொன்னீங்க?

லேப்டாப்பை மூடாதவரை எடுக்கலாம். மூடித் தூங்கவைத்தால் பெர்ஃபார்மன்ஸ்.நவ் ஓட வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. நடைமுறையில் விண்டோஸில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஓட்டுகின்றன. மற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் தூங்கிய நேரம் கணக்கில் வராமல் போகிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பிள்ளைகள் மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள், நேரம் அப்படியே நிற்கும்.

ஆக, சில செகண்ட், சில நிமிடம் அளக்க பெர்ஃபார்மன்ஸ்.நவ். ஒரு மணிநேரத் தேர்வுக்கு டேட்.நவ்தான், கூடவே அது சர்வர் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சரிபார்ப்பு. எப்படிச் சரிபார்ப்பது என்பது அடுத்த கேள்வி.

16. சர்வர் மணிக்கும் போன் மணிக்கும் உள்ள வித்தியாசத்தை எப்பிடிக் கண்டுபிடிக்க?

சர்வரிடம் மணி கேளுங்கள். கேட்ட கணமும் பதில் வந்த கணமும் பெர்ஃபார்மன்ஸ்.நவ்வில் குறித்துவையுங்கள். போய் வர 180 மில்லிசெகண்ட் ஆனால், பதில் வந்த நேரத்தில் சர்வரின் மணி, அது சொன்னதோடு 90 கூட்டினது என்று எடுத்துக்கொள்ளலாம். அதையும் டேட்.நவ்வையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கிடைக்கும். ஃபிளாவியு கிறிஸ்டியன் 1989-இல் எழுதிவைத்த முறை இது.

போகிற வழியும் வருகிற வழியும் ஒரே நேரம் எடுக்கும் என்ற நம்பிக்கை இதில் ஒளிந்திருக்கிறது. மொபைல் நெட்டில் அது அடிக்கடி பொய்யாகும். சில தடவை கேட்டு, போய் வர மிகக் குறைவாக எடுத்த தடவையை மட்டும் வைத்துக்கொண்டால் பிழை சுருங்கும்.

17. தட்டச்சுப் பக்கத்துல தமிழ்ல அடிச்சா கீடவுன் நேரம் எல்லாம் கோணலா வருது. இங்கிலீஷ்ல சரியா இருக்கே?

இரண்டு சிக்கல் கலந்து கிடக்கிறது. கம்ப்யூட்டரில் தமிழ்99 விசைப்பலகை முறையில் 'கொ' அடிக்க க, ஒ என்று இரண்டு தட்டல். திரையில் தெரிவது ஓர் எழுத்து, உள்ளே இரண்டு யூனிகோட் குறி. தட்டலை எண்ணினால் ஒரு வேகம், எழுத்தை எண்ணினால் ஒரு வேகம். எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். கீயை அமுக்கியபடியே பிடித்திருந்தாலும் கீடவுன் திரும்பத் திரும்ப வரும். ரிப்பீட் என்ற குறி உண்மை என்றிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆண்ட்ராய்டு போனில் நிலைமை வேறு. திரை கீபோர்டு தனி ஆப். எந்த கீ என்று பெரும்பாலும் அது பிரவுசருக்குச் சொல்லாது, எல்லா கீடவுனும் 229 என்ற ஒரே எண்ணோடு வரும். எழுத்தைக் கையில் வைத்திருந்து, சொல் முடிந்ததும் மொத்தமாகத் தள்ளுவதும் உண்டு. அங்கே பிஃபோர்இன்புட், இன்புட் நிகழ்வுகளைத்தான் நம்ப வேண்டும். அவற்றின் டைம்ஸ்டாம்ப் விரல் பட்ட நேரத்தைச் சொல்லாது, கீபோர்டு ஆப் எழுத்தைக் கொடுத்த நேரத்தையே சொல்லும். சொல்லுக்குச் சொல் வேகம் பார்க்கலாம், விரலுக்கு விரல் இடைவெளி பார்க்க முடியாது. தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களை நிஜ கீபோர்டில் உட்காரச் சொல்வதே மேல்.

18. விரலை வேகமா இழுத்து கையெழுத்துப் போட்டா, பாயின்டர்மூவ் கொஞ்சம்தான் வருது. மீதி எங்க போகுது?

திரை ஒரு முறை புதுப்படம் காட்டுவதற்கு ஒன்று என்று பிரவுசர் சேர்த்துக் கட்டித் தருகிறது. கெட்கோயலெஸ்ட்இவென்ட்ஸ் கேட்டால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அதனதன் டைம்ஸ்டாம்போடு கிடைக்கும்.

19. கூகிள் அறிக்கையில ஐ.என்.பி. மோசம்னு வருது. அந்த நேரத்தை எங்கிருந்து எடுக்குது? எப்பவும் 8-ன் மடங்காவே வருதே?

ஐ.என்.பி. என்பது, தட்டலுக்குப் பக்கம் எவ்வளவு சீக்கிரம் பதில் காட்டுகிறது என்பதற்கான அளவு. 7-இல் நீங்கள் கையால் அளந்ததைப் பிரவுசரே அளந்துவைக்கிற ஏற்பாட்டிலிருந்து அதை எடுக்கிறது, இவென்ட் டைமிங் என்று பெயர். ஒவ்வொரு தட்டலுக்கும் நான்கு குறிப்பு: டைம்ஸ்டாம்ப்பேதான் தொடக்கம், உங்கள் ஃபங்ஷன் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்குப் பிறகு திரை மாறிய வரைக்குமான மொத்தக் கால அளவு. இந்தக் கடைசி அளவை மட்டும் 8 மில்லிசெகண்டுக்கு மழுக்குகிறது. காரணம் 11-இல் சொன்ன அதே பயம். இந்தக் குறிப்புகளை வாங்கித் தரும் பெர்ஃபார்மன்ஸ்அப்சர்வரில் சும்மா கேட்டால் 104 மில்லிசெகண்டுக்குக் குறைந்தவை வராது. எல்லை சொன்னால் 16 வரை இறக்கலாம். மவுஸ் நகர்த்துவதும் ஸ்க்ரோலும் இதில் சேராது.

ஐ.என்.பி. 2024 மார்ச்சில் எஃப்.ஐ.டி. என்ற பழைய அளவுக்குப் பதிலாக வந்தது. எஃப்.ஐ.டி. முதல் தட்டல் வரிசையில் காத்திருந்த நேரத்தை மட்டும் பார்த்தது, அதனால் ஏறக்குறைய எல்லாத் தளமும் பாஸ். ஐ.என்.பி. பக்கத்தில் இருந்த நேரம் முழுவதும் நடந்த தட்டல்களில் கிட்டத்தட்ட மிக மோசமானதை எடுக்கும், திரை மாறும் வரை எண்ணும். 200 மில்லிசெகண்ட் வரை நல்லது, 500-க்கு மேல் மோசம். குறைக்க வேண்டுமானால் முதலில் எந்தத் துண்டு பெரிது என்று பாருங்கள். காத்திருப்பு பெரிதென்றால் குற்றவாளி உங்கள் பட்டன் ஃபங்ஷன் இல்லை, அதற்கு முன் ஓடிய வேறு ஸ்கிரிப்ட். 50 மில்லிசெகண்டுக்கு மேல் மெயின் த்ரெட்டைப் பிடித்துவைத்த வேலைகளை டெவ்டூல்ஸின் பெர்ஃபார்மன்ஸ் பகுதி சிவப்புக் கோடு போட்டே காட்டும்.

20. இந்த நேரத்தை எல்லாம் பசங்க ஏமாத்த முடியுமா?

தாராளமாக. கன்சோலைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ்.நவ் என்ற ஃபங்ஷனையே மாற்றி எழுதலாம், தட்டாத தட்டலை ஸ்கிரிப்டால் உண்டாக்கலாம். அப்படி உண்டாக்கிய நிகழ்வில் இஸ்ட்ரஸ்டட் என்ற குறி பொய் என்றிருக்கும். ஆனால் சர்வருக்கு அனுப்பும் எண்ணை நேரடியாக மாற்றுகிறவனுக்கு அதுவும் தடையில்லை. பரிசுத் தொகை இருந்தால் 8-இல் சொன்ன ஒற்றை லேப்டாப் வழி, அல்லது சர்வர் நேரம். மனிதக் கை 100 மில்லிசெகண்டுக்குள் பதில் தருவது நடக்காத காரியம், அப்படி வந்தால் ஆளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

21. ஊர்த் திருவிழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியே செட்டைம்அவுட் வச்சேன், அன்னைக்கு அறிவிப்பு வரட்டும்னு. வச்ச உடனே ஓடிட்டு! இது என்ன கூத்து?

தாமதத்தை 32 பிட் எண்ணாக வைக்கிறார்கள். அதில் அடங்கும் பெரிய எண் 2,14,74,83,647 மில்லிசெகண்ட், 24.8 நாள். முப்பது நாள் என்றால் 259 கோடியைத் தாண்டும், எண் வழிந்து மைனஸாகி, சைபர் போட்ட மாதிரி உடனே ஓடிவிடும். அப்படியே 24 நாளாகக் குறைத்தாலும், அத்தனை நாள் அந்த டேப்பை யார் திறந்து வைத்திருக்கப்போகிறார்கள்? திருவிழாத் தேதியை எண்ணாகச் சேமித்து, பக்கம் திறக்கும்போதெல்லாம் டேட்.நவ்வோடு ஒப்பிடுங்கள். பக்கம் மூடியிருக்கும்போதும் அறிவிப்பு போக வேண்டுமானால் சர்வரிலிருந்து புஷ் அனுப்புவதுதான் வழி.